ரசிகர் இதழ்களை எடைக்குப் போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி வட்டாரத்தில் உள்ள பழைய வாசகசாலை ஒன்று தன் கட்டடத்தைப் பழுதுபார்க்கப் போவதாகவும், அதற்கு இடம் ஒழிப்பதற்காக மேல்தளத்தில் கிடக்கும் பழைய பருவ இதழ்களைக் கழித்து எடைக்குப் போட அதன் நிர்வாகக் குழு முடிவு செய்திருப்பதாகவும் தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். கட்டடத்தைப் பழுதுபார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் அந்தக் கூரை ஒழுகுவதைப் பார்த்து வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் கழிக்கப்படவுள்ளவற்றுள் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் ரசிகர் இதழ்கள் சில பெட்டிகள் இருப்பதாகவும், அவை யாருக்கும் பயன்படாத பொழுதுபோக்குத் தாள்கள் என்று குழுவினர் கருதுவதாகவும் அச்செய்தியில் கண்டிருந்தது. அந்தக் கருத்து சரியல்ல என்பதை எடுத்துச் சொல்லவும், அந்தப் பெட்டிகளை மட்டுமாவது விட்டுவைக்கும்படி தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டிக்கொள்ளவுமே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்தப் பெட்டிகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன். தேயிலைத் தோட்டம் ஒன்றில் உயர்பொறுப்பில் இருந்தவரின் குடும்பத்தினர், மலையை விட்டுப் போகும்போது தங்கள் புத்தகங்களோடு சேர்த்து அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனவை அவை. அவற்றில் இருப்பவை 'டாக்டர் ஹூ' என்னும் பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரைப் பற்றியவை. கடையில் விற்பனைக்கு வந்த வழவழப்பான இதழ்களும் உண்டு. ரசிகர் மன்றங்கள் தாமே தட்டச்சு செய்து, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, முதுகில் இரண்டு கம்பி அடித்து உறுப்பினர்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பிய மெல்லிய இதழ்களும் உண்டு. அந்தக் கம்பிகள் துருப்பிடித்து, தாளில் பழுப்பு நிற வட்டங்களாக இறங்கியிருக்கின்றன. ஓரிதழின் நடுப்பக்கத்தில் அதுவரை ஒளிபரப்பான கதைகளின் பட்டியல் இருக்கிறது. அதில் சில வரிகளுக்கு எதிரே மட்டும் யாரோ பென்சிலால் சிறு குறியிட்டிருக்கிறார்கள். தாம் பார்த்த கதைகளுக்கு இட்ட குறியாகத்தான் இருக்க வேண்டும். சீமையில் சனிக்கிழமை மாலைகளில் பார்த்த ஒன்றை, இந்த மலைக்கு வந்த பிறகும் ஒருவர் விடாமல் நினைவில் வைத்திருந்திருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தத் தொடரை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிபிசி நிறுவனம் 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பத் தொடங்கிய தொடர் இது. காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் ஒருவர், நீல நிறக் காவல்துறைத் தொலைபேசிப் பெட்டியின் உருவில் இருக்கும் ஊர்தியில் ஏறிச் செல்வதே இதன் அடிப்படை. முதலில் அப்பாத்திரத்தை ஏற்ற வில்லியம் ஹார்ட்னெல் 1966-ல் உடல்நலம் குன்றி விலகியபோது, கதாநாயகன் உருமாறி வேறொருவராக எழுவதாகக் கதையை அமைத்தார்கள். இத்தனை ஆண்டுகள் தொடர் ஓடியதற்கு அந்த ஏற்பாடே முக்கியக் காரணம். தொடரின் முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற இளம்பெண். முதல் கதையை இயக்கியவரோ நம் நாட்டின் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன். இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே ஓர் இந்தியர் இருந்தார் என்பதை நான் அறிந்ததும் அந்தப் பெட்டிகளில் ஒன்றிலிருந்துதான்.

நான் உதகையிலுள்ள ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே பிலிமும் சினிமா பிலிமும் நாடெங்கும் அனுப்பிய அந்த ஆலை இன்று மூடிக் கிடக்கிறது. பிலிம் எப்படி உருவாகிறது என்பது மட்டுமல்ல, எப்படி அழிகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஈரக்காற்றில் அடைபட்டுக் கிடக்கும் அசிடேட் பிலிம் காடி நாற்றம் எடுத்துச் சுருங்கும்; பூசணம் ஏறிய பிலிமில் முகங்கள் கரையும்; பழைய எக்ஸ்ரே பிலிமை அதிலுள்ள வெள்ளிக்காக மட்டுமே வாங்கிக் கரைப்பவர்களும் உண்டு. ஆகவே இந்தத் தொடரின் பழைய பகுதிகளுக்கு நேர்ந்த கதியை அந்த இதழ்களில் படித்தபோது, அது எங்கோ யாருக்கோ நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். 1960களில் ஒரு பகுதியை அகலமான வீடியோ நாடாவில் பதிவு செய்து ஒளிபரப்புவார்கள். வெளிநாட்டுத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்பதற்காக, திரையில் ஓடுவதை 16 மில்லிமீட்டர் பிலிமில் படமெடுத்துப் பிரதிகள் எடுப்பார்கள். நாடா மிகுந்த விலையுடையது. அழித்துவிட்டு மறுபடியும் பயன்படுத்தலாம். மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தங்கள் கட்டுப்பாடு விதித்திருந்தன. வண்ணத் தொலைக்காட்சி வந்துகொண்டிருந்ததால் கறுப்பு வெள்ளைக்கு இனி மதிப்பில்லை என்ற எண்ணமும் இருந்தது. வீட்டில் போட்டுப் பார்க்கும் கேசட் என்ற பேச்சே அப்போது இல்லை. அதனால் நாடாக்களை வரிசையாக அழித்தார்கள்; விற்பனை உரிமை முடிந்த பிலிம் பிரதிகளையும் குப்பையில் போட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இடம் போதவில்லை, செலவு கட்டுப்படியாகவில்லை, இனி இதை யார் கேட்கப் போகிறார்கள் என்ற மூன்று காரணங்களே போதுமாயிருந்தன. 1978-ல்தான் இந்த அழிப்பு நின்றது. அதற்குள், 1960களில் ஒளிபரப்பான 253 பகுதிகளில் பெரும்பங்கு போய்விட்டது. எத்தனையோ தேடலுக்குப் பிறகும் தொண்ணூறுக்கு மேற்பட்ட பகுதிகளின் படம் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆனால் அந்தப் பகுதிகள் ஒவ்வொன்றின் ஒலியும் இன்று இருக்கிறது. அதைக் காப்பாற்றியது எந்தக் காப்பகமும் அல்ல. வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த பள்ளிப் பிள்ளைகள், தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைப் பிடித்தும், கைத்திறன் உள்ள சிலர் பெட்டிக்குள்ளிருந்தே கம்பி இழுத்து இணைத்தும் வாரந்தோறும் பதிவு செய்து வைத்தார்கள். தமக்குப் பிடித்ததை மறுபடி கேட்க வேண்டும் என்ற ஆசையைத் தவிர அவர்களுக்கு வேறு நோக்கம் இருந்திருக்க முடியாது. இவர்கள் யார், யாரிடம் எந்தப் பகுதி இருக்கிறது, யாருடைய பதிவு தெளிவானது என்பதெல்லாம் ஒருவருக்கொருவர் தெரியவந்தது ரசிகர் மன்றங்களின் தொடர்பாலும் அவற்றின் இதழ்களாலும்தான். பின்னாளில் பிபிசியே அந்த ஒலிப்பதிவுகளை வாங்கித் துப்புரவு செய்து வெளியிட்டது.

படங்களின் கதையும் இதற்கு நிகரானது. ஜான் குரா என்ற லண்டன் புகைப்படக்காரர், தொலைக்காட்சித் திரையில் ஓடுவதை அப்படியே புகைப்படம் எடுத்து, இயக்குநர்களுக்கும் நடிகர்களுக்கும் விற்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தார். ஒரு பகுதிக்கு அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுப்பார். தொலைந்துபோன பல பகுதிகளுக்கு இன்று நம் கண்ணுக்குக் கிடைப்பது அந்தச் சிறு படங்கள் மட்டுமே. பிபிசியின் எழுத்து ஆவணக் காப்பகத்தில் கோப்புகளுக்குள் உறங்கிய அப்படங்கள் 1990களில் 'டாக்டர் ஹூ மேகசின்' இதழில் வரிசைக்கிரமமாக அச்சாயின. வாசகசாலைப் பெட்டியில் அத்தகைய பக்கங்கள் கொண்ட இதழ் ஒன்றைப் பார்த்தேன். தபால்தலையைவிடச் சற்றே பெரிய கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் என்ன நடக்கிறது என்று ஓரிரு வரிகள். நம் சிவகாசிப் படக்கதைகளைப் படித்து வளர்ந்த கண்ணுக்கு அந்தப் பக்கத்தை வாசிக்கப் பழக்கம் தேவையில்லை. ஒரு நாடகம் முழுவதும் தாளின் மேல் மீண்டும் எழுந்து நிற்கிறது.

அந்த இதழ்களின் வரலாற்றையும் சொல்ல வேண்டும். 1976-ல் இங்கிலாந்தில் 'டாக்டர் ஹூ அப்ரிசியேஷன் சொசைட்டி' என்ற ரசிகர் மன்றம் உருவானது. அதே ஆண்டிலேயே 'செலஸ்டியல் டாய்ரூம்' என்ற செய்தி இதழைத் தொடங்கியது. முழுக்க ரசிகர்களின் சந்தாவாலும் உழைப்பாலும் நடந்த இதழ் அது. 1979 அக்டோபரில் மார்வெல் நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளை 'டாக்டர் ஹூ வீக்லி' என்ற வார இதழைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. ரசிகர் மன்றத்தில் எழுதிப் பழகியவர்களே அதன் வரலாற்றுப் பக்கங்களை எழுதினார்கள். முதல் படக்கதையை வரைந்தவர் டேவ் கிப்பன்ஸ். 1972-ல் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவியைக் கண்டு சொக்கிப்போன தலைமுறைக்கு, அந்த மாயாவி பிறந்த அதே பிரிட்டிஷ் வாரப் படக்கதை மரபிலிருந்து வந்ததே இதுவும் என்றால் உடனே புரியும். வார இதழ் அடுத்த ஆண்டே மாத இதழாக மாறியது. 1990களின் நடுவில் பாணினி நிறுவனத்தின் கைக்கு வந்தது. தொலைக்காட்சித் தொடர் ஒன்றைச் சார்ந்து மிக நீண்டகாலம் வெளிவரும் இதழ் என்று 2010-ல் கின்னஸ் சாதனையில் இடம்பெற்றது. 2024-ல் அதன் 600-ஆவது இதழ் வெளியாயிற்று.

இந்த நெடிய வரிசையில் நான் பெரிதாக மதிப்பது 1989 முதல் 2005 வரையிலான ஆண்டுகளை. 1989-ல் பிபிசி தொடரை நிறுத்திவிட்டது. 1996-ல் வந்த ஒரேயொரு தொலைக்காட்சிப் படத்தைத் தவிர, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் திரையில் புதிதாக ஒன்றும் இல்லை. எழுதுவதற்குப் பொருளே இல்லாத அந்தக் காலம் முழுவதும் இதழ் நிற்காமல் வந்தது. பழைய கதைகள் ஒவ்வொன்றும் எந்தெந்த நாளில் எந்த அரங்கில் படமாக்கப்பட்டது, முதல் வரைவில் கதை எப்படி இருந்தது, செலவு எங்கே மிஞ்சியது, எந்தக் காட்சி வெட்டப்பட்டது என்று கோப்புகளைத் தேடிப் படித்து ஆண்ட்ரூ பிக்ஸ்லி போன்றவர்கள் எழுதிய நீண்ட கட்டுரைகள் அக்காலத்தின் விளைச்சல். ஒரு தொலைக்காட்சி நாடகம் எப்படித் தயாரானது என்பதை இவ்வளவு நுணுக்கமாகப் பதிவு செய்த எழுத்தை நான் வேறெந்தத் தொடருக்கும் பார்த்ததில்லை. ஒளிபரப்புக் கலையைப் படிக்கும் மாணவர் எவரும் அவற்றைப் பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

2005-ல் தொடர் மீண்டும் வந்தபோது அதை நடத்திய ரசல் டி டேவிஸ் சிறுவயது முதலே அதன் ரசிகர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஸ்டீவன் மொஃபட்டும் ரசிகர். இன்னொருவரைப் பற்றி, இந்தக் கடிதப் பகுதியை நாள்தோறும் தேடிப் படிப்பவன் என்ற முறையில், சற்று மகிழ்ச்சியோடு சொல்கிறேன். 1974-ல் 'ரேடியோ டைம்ஸ்' என்ற பிரிட்டிஷ் இதழின் ஆசிரியருக்கு இத்தொடரைப் பாராட்டி ஒரு கடிதம் வந்து அச்சானது. எழுதியவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த பீட்டர் கபால்டி என்ற பள்ளி மாணவர். 2013-ல் அவரே அத்தொடரின் கதாநாயகனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தொலைந்தவற்றுள் சில திரும்பக் கிடைத்ததற்கும் ரசிகர்களின் குறிப்பேடுகளே வழிகாட்டின. எந்தக் கதையின் பிலிம் எந்த நாட்டுக்கு விற்கப்பட்டது, அங்கிருந்து எந்த நாட்டுக்குக் கைமாறியது என்பதை ரசிகர்கள் பொறுமையோடு திரட்டி வந்தார்கள். பிலிம் பெட்டிகள் ஒரு நாட்டில் ஒளிபரப்பானதும் அடுத்த நாட்டுக்கு அனுப்பப்படும் வழக்கம் இருந்ததால் அந்தத் தடத்தைப் பின்பற்றித் தேட முடிந்தது. 1990களின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து நான்கு பகுதிகள் கொண்ட முழுக்கதை ஒன்று மீண்டது. 2013 அக்டோபரில், நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்த தொலைக்காட்சி நிலையத்தில் கிடைத்த ஒன்பது பகுதிகள் மீட்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் விசேஷம். அங்கே தணிக்கையாளர்கள் குழந்தைகளுக்கு ஆகாது என்று வெட்டியெடுத்த துண்டுகளைக் கோப்போடு சேர்த்து வைத்திருந்தார்கள். 1996-ல் ரசிகர் ஒருவரின் தேடலால் அவை அந்நாட்டு தேசிய ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டன. முழுப் பகுதி அழிந்துபோக, காட்டக்கூடாது என்று விலக்கப்பட்ட சில விநாடிகளே மிஞ்சி நிற்கின்றன.

பிலிம் தொழிலில் இருந்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 1970களின் சில பகுதிகள் வண்ணத்தில் ஒளிபரப்பாகி, கறுப்பு வெள்ளைப் பிலிமாக மட்டும் மிஞ்சின. வண்ண சமிக்ஞையை வடிகட்டாமல் அந்தப் பிலிமில் பதிவு செய்திருந்ததால், படத்தின் மேல் மிக நுண்ணிய புள்ளிகளாக ஒரு கோலம் படிந்திருந்தது. அது பிலிமின் குறை என்றுதான் எங்களைப் போன்றவர்கள் நினைத்திருப்போம். அந்தப் புள்ளிகளின் அமைப்பிலேயே பழைய வண்ணத்தின் விவரம் ஒளிந்திருக்கிறது என்று கண்டு, கணினியின் துணையோடு அதைப் பிரித்தெடுத்தார்கள். 1971-ல் வந்த ஒரு கதை இவ்வாறு 2013-ல் மீண்டும் வண்ணத்தில் வெளியானது. அப்பணியில் ஈடுபட்டவர்களில் பலர், ஒளிபரப்புத் துறையில் வேலைக்குச் சேர்ந்த ரசிகர்கள். கறுப்பு வெள்ளை பிலிமை யாராவது பயனற்றது என்று எடைக்குப் போட்டிருந்தால் அந்த வண்ணமும் அதோடு போயிருக்கும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று கேட்பவர்கள் இருக்கலாம். ரசிகர் இதழ் என்பது நமக்கு அந்நியமானதே அல்ல. பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரே ஒரு பிரதி எழுதிக் கைமாற்றிப் படித்த கையெழுத்துப் பத்திரிகைகளிலிருந்து எத்தனை எழுத்தாளர்கள் வந்தார்கள்! வார இதழில் வந்த தொடர்கதைகளை வாரந்தோறும் பிரித்தெடுத்து, படங்களோடு சேர்த்துத் தைத்து பைண்டு செய்து வைக்காத வாசகர் குடும்பம் நம் ஊரில் குறைவு. அச்சில் வந்த புத்தகத்தில் இல்லாத ஓவியங்களும், அத்தியாயத்தின் கீழே வந்த விளம்பரங்களும், ஆசிரியரின் குறிப்புகளும் அந்த பைண்டுகளில்தான் இன்று கிடைக்கின்றன. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் தனி ஒருவராக அழைப்பிதழ்கள், நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், பழைய பத்திரிகைகள் என்று சேர்த்து வைத்தவற்றையும் ஒரு காலத்தில் பலர் குப்பை என்றே பார்த்திருப்பார்கள். அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பு 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்து, இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர்கள் முதலில் போய் நிற்கும் இடமாக இருக்கிறது.

நம்மிடம் இல்லாமல் போனது எது என்றால், தொலைக்காட்சிக்கு இப்படியொரு இதழ். எழுத்தாளர் சுஜாதாவின் அறிவியல் புனைகதை தூர்தர்ஷனில் தொடராக வந்த நாட்களை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். கொடைக்கானல் கோபுரத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பி, மேகம் இறங்கிய மாலைகளில் ஒருவர் கூரைமேல் நின்று கம்பத்தைப் பிடித்துத் திருப்ப, உள்ளிருந்து இன்னொருவர் 'வந்திருச்சு, அப்படியே விடு' என்று குரல் கொடுக்கப் பார்த்த தொடர்கள் எத்தனையோ. அவற்றின் ஒவ்வொரு பகுதியும் எந்தத் தேதியில் வந்தது, அரங்கம் அமைத்தவர் யார், துணைப்பாத்திரங்களில் நடித்தவர்கள் யார் என்று கேட்டால் எடுத்துப் பார்க்க நம்மிடம் ஒரு சைக்ளோஸ்டைல் தாள்கூட இல்லை. நாலு பேர் சேர்ந்து மாதம் நான்கு பக்கம் குறித்து வைத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். அதை எப்படிச் செய்வது என்பதற்கு மாதிரி வேண்டுமென்றால் அந்த வாசகசாலைப் பெட்டிகளில் இருக்கிறது. இன்று ஏதேனும் ஒரு தமிழ்த் தொடரின் மீதோ இதழின் மீதோ பற்றுள்ள இளைஞர்கள் அவற்றைப் புரட்டிப் பார்த்தாலே, என்னென்ன விவரங்களைக் குறித்துவைக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

கடையில் விற்ற இதழ்களின் பிரதிகள் வேறெங்காவது கிடைக்கும், இவற்றை மட்டும் ஏன் வைத்திருக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். வழவழப்பான இதழ்களைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் மன்றங்களின் உருட்டச்சு இதழ்கள் அப்படியல்ல. உறுப்பினர் எண்ணிக்கைக்கு மட்டுமே எடுத்தவை, மலிவான தாள், படித்தவர்களில் பெரும்பாலோர் தூக்கிப் போட்டிருப்பார்கள். எந்தெந்த இதழ் நம் பெட்டிகளில் இருக்கிறது என்று இதுவரை யாரும் பட்டியல் எடுக்கவில்லை. பட்டியலே இல்லாமல் ஒன்றைப் பயனற்றது என்று தீர்மானிப்பது முறையாகாது என்பது என் பணிவான கருத்து.

இம்மலைகளுக்குப் பாதுகாக்கும் வழக்கம் புதிதல்ல. உதகையில் 1859-ல் தோன்றிய நீலகிரி நூலகம் இன்றும் இயங்குகிறது. பழனி மலையில், 1899-ல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், வானம் தெளிந்த நாட்களிலெல்லாம் சூரியனைப் படமெடுத்து, அந்தக் கண்ணாடித் தகடுகளையும் பிலிம்களையும் நூறாண்டுக்கு மேலாகக் காத்து வந்திருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் அவை கணினிமயமாகி, உலகெங்குமுள்ள ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. நம் மழையும் மூடுபனியும் எவ்வளவு பொல்லாதவை என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். அந்த ஈரத்திலும் அவை நிலைத்திருக்கின்றன என்றால் கவனித்துக்கொண்ட கைகளே காரணம்.

இந்தப் பெட்டிகளுக்கு அவ்வளவு ஏற்பாடும் வேண்டியதில்லை. துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தைக்க வேண்டும். அட்டைப் பெட்டிகளை மாற்றி, தரையிலிருந்து ஓரடியாவது உயர்த்தி, வெளிச்சுவரை ஒட்டாமல் ஓர் இரும்பு அலமாரியில் வைத்தால் ஈரம் ஏறாது. இராமபாணப் பூச்சிக்கு நம் பெரியவர்கள் ஏட்டுச் சுவடிகளில் வைத்த வசம்பே போதும். பூசணம் பிடித்த இதழ்களை மட்டும் தனியே பிரித்து, வெயில் காயும் மாசி, பங்குனி நாட்களில் நிழலில் விரித்து உலர்த்திய பின்பு மற்றவற்றோடு சேர்க்கலாம். எங்கள் ஆலையில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பிரிவில் பணியாற்றிய நண்பர்கள் சிலர் இன்னும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களும் கைகொடுக்க இசைந்திருக்கிறார்கள்.

நிர்வாகக் குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். மற்ற பழைய இதழ்களைப் பற்றி எந்த முடிவெடுத்தாலும், இந்த ரசிகர் இதழ்களை மட்டும் பட்டியல் எடுத்து முடியும்வரை எடைக்குப் போடாமல் நிறுத்தி வைக்க வேண்டும். பழுதுபார்ப்பு நடக்கும் காலத்தில் வைக்க இடமில்லை என்றால், முறையாக ரசீது எழுதிக்கொண்டு என் வீட்டு முன்னறையில் வைத்துக்கொள்ள நான் அணியமாயிருக்கிறேன். அலமாரிக்கு ஆகும் செலவையும் ஏற்றுக்கொள்கிறேன். பட்டியல் எடுத்தபின் இரண்டு பிரதிகள் உள்ள இதழ்களைப் பள்ளி நூலகங்கள் எவையேனும் கேட்டால் கொடுத்துவிடலாம். பென்சில் குறிப்புகள் உள்ளவை மட்டும் இந்த மலையை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அன்பளிப்பாகத் தந்த குடும்பத்தின் முகவரி வாசகசாலையின் பழைய பேரேட்டில் இருக்கக்கூடும். கழிப்பதற்கு முன் அவர்களுக்கு ஒரு வரி எழுதிக் கேட்பது மரியாதையாகவும் இருக்கும். குன்னூர், கோத்தகிரிப் பகுதியில் வேறு யாரிடமேனும் இத்தகைய ரசிகர் இதழ்களோ, தமிழ்த் தொடர்களைப் பற்றிய கையெழுத்துக் குறிப்புகளோ இருந்தால், வாசகசாலை முகவரிக்குத் தெரிவிக்கும்படி இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

குழுவின் அடுத்த கூட்டம் வரும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கூடுவதாக அறிகிறேன். பழைய தாள் வியாபாரி அதற்கு மறுநாளே வண்டி கொண்டுவருவதாகப் பேச்சு. அதற்கு முன்பாக இக்கடிதத்தைத் தாங்கள் வெளியிட்டு உதவினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பிலிம் ஆலை ஊழியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.